காணாமல் போன சீரியல் போர்ட்டும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும்

என் அண்ணன் காலமாகி ஒரு வருடம் ஆகிவிட்டது. வருடத் திதிக்குப் பிரான்சிலிருந்து வந்த அண்ணியும் அவர் மகனும், அண்ணன் உபயோகித்த பொருள் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூக்குக் கண்ணாடிக் கூடு அளவுக்கு இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே சின்னத் திரையும் பொடிப்பொடியாக விசைகளும். 1993இல் அங்கே வாங்கிய மின்னணு டைரி அது. கைப்பேசி வராத காலத்தில் அதை வைத்திருப்பது ஒரு பெருமை. ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஏதாவது தட்டிக்கொண்டே இருப்பார்.

எங்கள் குடும்பக் கதை புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணனுக்கு 22 வயது, எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதவில்லை. எனக்கு 13 வயது, என்னை யாரும் கேட்கவில்லை. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கப்பல் ஏறினார். நான் அதே பிரெஞ்சு வழிப் படிப்பை முடித்துவிட்டு, இங்கிலீஷில் நோட்டு எழுதும் இந்திய அரசாங்க குமாஸ்தா ஆனேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 1994இல் அண்ணன் லீவில் வந்திருந்தபோது, அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார்கள், யார் எந்தத் திதியில் போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அந்த டைரியில் ஏற்றிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஆயாவின் திதி வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்று. அப்பாவின் அம்மா அவர். என்னைத் தூக்கி வளர்த்தவர். திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று சாஸ்திரத்தில் வழி உண்டு. அப்படித்தான் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம். ஆனாலும் மனசில் ஒரு குறை.

அந்தத் திதி இந்த டைரிக்குள் இருக்கிறது. ஆனால் படிக்க முடியவில்லை. திரையின் இடது பாதி மை ஊற்றினாற்போல் கறுத்துவிட்டது. வலது பாதியில் வரிகளின் வால் மட்டும் தெரிகிறது. உள்ளே உள்ள எழுத்து எல்லாம் இரண்டு பென்சில் பாட்டரியும், அதை மாற்றும் நேரத்துக்குத் தாங்க ஒரு நாணய பாட்டரியும் இருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும். இரண்டும் ஒன்றாகத் தீர்ந்தால் எல்லாம் அழிந்துபோகும். 'பாட்டரி குறைகிறது' என்ற எச்சரிக்கையின் வால் வேறு அவ்வப்போது வந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு வழிதான். அந்த டைரிக்கு ஒரு கேபிள் உண்டு. மறுமுனையில் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் செருகி. மெனுவில் அச்சுக்கு அனுப்பு என்று சொன்னால், உள்ளே இருப்பதை அந்தக் கம்பி வழியாக வெளியே தள்ளும். அங்கே பிரிண்டர் இருந்தால் காகிதத்தில் விழும். கம்ப்யூட்டர் இருந்தால் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும்.

சீரியல் என்றால் வரிசை. ரேஷன் கடை வரிசை போலத்தான். எட்டுப் பேர் எட்டுக் கதவு வழியாக ஒரே நேரத்தில் நுழைவது ஒரு முறை. ஒரே கதவில் ஒருவர் பின் ஒருவராகப் போவது இன்னொரு முறை, அதுதான் சீரியல். ஓர் எழுத்துக்குரிய ஒன்றுகளும் பூஜ்யங்களும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன்னால் ஒரு தொடக்கக் குறி, பின்னால் ஒரு முடிவுக் குறி. இந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எந்த ஊசிக்கு என்ன வேலை என்றெல்லாம் 1960இல் அமெரிக்காவில் ஒரு விதி வகுத்தார்கள். ஆர்.எஸ். 232 என்று பெயர். முப்பது நாற்பது வருடம் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பின்னால் அந்தத் துளை இருந்தது. யு.எஸ்.பி. வந்த பிறகு மெதுவாக மறைந்துவிட்டது.

என் கம்ப்யூட்டரிலும் அது இல்லை. பேரன் சொன்னபடி, ஒரு பக்கம் யு.எஸ்.பி.யும் மறுபக்கம் ஒன்பது ஊசியும் உள்ள மாற்றி ஒன்றை மலிவு விலையில் வாங்கினேன். என் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். பழைய பெட்டி, புது விண்டோஸ் ஓடாது என்று பேரன் போட்டுக் கொடுத்தது. எனக்கு அது அந்நியம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் எங்கள் பிரிவில் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. ஏ.சி. அறையில் பெட்டி ஒன்று, வெளியே எங்கள் மேஜைகளில் பச்சை எழுத்துத் திரைகள். ஒவ்வொரு திரையும் ஒரு சீரியல் கம்பி வழியாகத்தான் அந்தப் பெட்டியோடு பேசும்.

யூனிக்ஸில் ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கோப்பின் பெயர் கொடுப்பார்கள். 'டெவ்' என்ற அடைவைத் திறந்தால் வன்தட்டு, விசைப்பலகை, சீரியல் போர்ட் எல்லாம் கோப்புகள் போலப் பெயரோடு வரிசையாக இருக்கும். அந்தக் கோப்பில் எழுதினால் கருவிக்குப் போகும், படித்தால் கருவியிலிருந்து வரும். ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கு இது சட்டென்று புரியும். ஆளே நேரில் வர வேண்டாம், ஆளின் பெயரில் ஃபைல் இருந்தால் போதும்!

நான் வாங்கிய மாற்றியைச் செருகினால் அங்கே 'டி.டி.ஒய். யு.எஸ்.பி. பூஜ்யம்' என்று ஒரு பெயர் வர வேண்டும். செருகினேன். மாற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டியல் கேட்டேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. பிடுங்கி வேறு துளையில் செருகினேன். இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இல்லை. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கேட்டால் விண்டோஸில் போட்டுக் காட்டி, நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

ஆபீஸில் ஃபைல் காணாமல் போனால் என்ன செய்வோம்? பீரோவைத் தலைகீழாகப் புரட்டுவது புது ஆள் செய்யும் வேலை. பழைய ஆள் முதலில் தபால் வரவுப் பதிவேட்டைப் பார்ப்பார். வந்ததா, எத்தனை மணிக்கு, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்? லினக்ஸிலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. இயங்குதளத்தின் உட்கரு தான் கண்டதையெல்லாம் நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருக்கும். அதை எப்படித் திறப்பது என்று பேரன் காட்டினான். அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன், டி.டி.ஒய். என்ற மூன்றெழுத்து எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

டி.டி.ஒய். என்றால் டெலிடைப். நம் தபால் ஆபீஸில் டெலிபிரிண்டர் என்று சொல்வோமே, அதே இனம். சென்னை கிண்டியில் 1960இல் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்று அரசாங்கத் தொழிற்சாலையே தொடங்கி, தமிழ்நாட்டில் செய்த இயந்திரம். தந்தி ஆபீஸ் வாசலில் நிற்கும்போது உள்ளிருந்து கடகடவென்று சத்தம் வரும், ஞாபகம் இருக்கிறதா?

அந்த இயந்திரத்துக்கு மூதாதை, எமில் போதோ என்ற பிரெஞ்சுக்காரர். 1845இல் மன்யோ என்ற கிராமத்தில் விவசாயி வீட்டில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு சரி. கொஞ்ச காலம் நிலத்தில் வேலை செய்துவிட்டு, 1869இல் பிரெஞ்சுத் தந்தி இலாகாவில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். நம்மைப் போல் கடைநிலையில் தொடங்கிய அரசாங்க ஊழியர். 1870 யுத்தத்துக்குப் போய்வந்து மறுபடி பாரிசில் வேலை.

அப்போது தந்தி என்றால் மோர்ஸ் முறை. புள்ளியும் கோடும். சில எழுத்துக்கு ஒரு தட்டு, சில எழுத்துக்கு நான்கு தட்டு. ஒரு கம்பியில் ஒருவர் அனுப்பிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கம்பி இழுப்பதோ பெரும் செலவு. ஒரே கம்பியைப் பல பேர் மாற்றி மாற்றி உபயோகித்தால் என்ன என்று போதோ யோசித்தார். செய்து பார் என்றது இலாகா, ஆனால் உன் சொந்த நேரத்தில் செய்துகொள் என்றது! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த நாடானாலும் அரசாங்கம் அரசாங்கம்தான்.

1874இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் சரியாக ஐந்து குறி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு குறியிலும் மின்சாரம் இப்படியா அப்படியா என்ற இரண்டே நிலை. ஐந்து இடத்தில் இரண்டிரண்டு நிலை என்றால் மொத்தம் 32 சேர்க்கை வரும். எழுத்துக்கு ஒரு வரிசை, எண்ணுக்கு ஒரு வரிசை என்று மாற்றிக்கொள்ள ஒரு குறியும் வைத்ததால் 32க்கு மேலும் சமாளித்தார். விசைப்பலகையில் மொத்தமே ஐந்து கட்டைகள், இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. இயந்திரம் ஒரு 'டக்' சத்தம் கொடுக்கும். அந்தத் தாளம் தப்பாமல் கட்டைகளை அழுத்த வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 30 சொல். ஒருவர் அழுத்தி முடித்ததும் கம்பி அடுத்தவருக்குப் போகும். இப்படி ஒரே கம்பியில் நான்கைந்து பேர். 1877இல் பாரிசுக்கும் போர்தோவுக்கும் இடையே இது வேலைக்கு வந்தது. 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இன்னொரு சின்ன விஷயம். பிரெஞ்சுக்காரர் ஆனதால், மேலே கோடு போட்ட 'ஏ' எழுத்துக்கும் தம் பட்டியலில் போதோ தனி இடம் கொடுத்திருந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் அந்தக் கோட்டை விட்டுவிட்டு விரல் கணுவில் ஸ்கேலால் அடி வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். இந்தக் கோடு பின்னால் மறுபடி வரும்.

1901இல் டொனால்ட் மரே என்ற நியூசிலாந்துக்காரர் இந்தப் பட்டியலை மாற்றி அமைத்தார். தட்டச்சு விசைப்பலகையிலேயே அடிக்கலாம் என்று ஆனதும் தாளம் பிடிக்கிற கஷ்டம் போயிற்று. அதிலிருந்து டெலிபிரிண்டர், டெலக்ஸ். 1903இல் போதோ இறந்துவிட்டார். அவர் பெயரைத் தந்தி உலகம் மறக்கவில்லை. கம்பியில் விநாடிக்கு எத்தனை குறி போகிறது என்ற அளவுக்கு 'பாட்' என்று வைத்தார்கள். அவர் பெயரின் முதல் பாதிதான் அது, இங்கிலீஷ் வாயில் புகுந்து 'போ' என்பது 'பாட்' ஆயிற்று. டெலக்ஸின் வேகம் 50 பாட், விநாடிக்கு ஆறேழு எழுத்து.

1969இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் இருந்தது திரை இல்லை, டெலிடைப்தான். 33ஆம் மாடல், 110 பாட், விநாடிக்குப் பத்து எழுத்து. காகிதத்தில் கடகடவென்று அடிக்கும். அதற்கு வைத்த பெயர்தான் டி.டி.ஒய். யூனிக்ஸ் கட்டளைகள் இரண்டெழுத்து மூன்றெழுத்தாகச் சுருங்கி இருப்பதற்கும் அந்த மெதுவான இயந்திரமே ஒரு காரணம் என்பார்கள். கட்டளை அடிக்கும் இடத்துக்கு 'ஷெல்' என்ற பெயரைக் கொடுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர், லூயி பூசான். அது யூனிக்ஸுக்கும் முந்தைய கதை.

லினக்ஸின் பிறப்பே சீரியல் போர்ட்டில்தான். 1991இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், வீட்டிலிருந்து மோடம் வழியாகப் பல்கலைக்கழக யூனிக்ஸோடு பேச ஒரு புரோகிராம் எழுதினார். விசைப்பலகையில் அடிப்பதை மோடத்துக்கு அனுப்ப ஒரு வேலை, மோடத்தில் வருவதைத் திரையில் காட்ட ஒரு வேலை. அது வளர்ந்து வளர்ந்து லினக்ஸ் ஆனது. ஒருநாள் மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக வன்தட்டின் பெயருக்கு அனுப்பிவிட்டு, அதிலிருந்த இன்னோர் இயங்குதளத்தையே அழித்துக்கொண்டார் என்று அவரே எழுதியிருக்கிறார். எல்லாமே கோப்பு என்றால் இந்த ஆபத்தும் உண்டு. விலாசம் மாறினால் போச்சு.

இப்போது பதிவேட்டுக்கு வருவோம். அதில் நான்கு வரிகள். ஒன்று, புதிதாக ஒரு யு.எஸ்.பி. கருவி வந்திருக்கிறது. இரண்டு, அது சீரியல் மாற்றி, டி.டி.ஒய். யு.எஸ்.பி. பூஜ்யம் என்று பெயர் கொடுத்தாயிற்று. மூன்று, வேறு ஒரு புரோகிராம் அந்தக் கருவியைக் கேட்கிறது. நான்கு, டி.டி.ஒய். யு.எஸ்.பி. பூஜ்யத்திலிருந்து மாற்றி துண்டிக்கப்பட்டது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் இரண்டு மூன்று விநாடிதான். நான் பட்டியல் கேட்பதற்குள் பெயர் வைத்து, பெயரை அடித்தும் ஆகிவிட்டது.

அதாவது தபால் வந்திருக்கிறது, வரவு வைத்திருக்கிறார்கள், நம் மேஜைக்கு வருவதற்குள் வேறொரு பிரிவு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டது!

எடுத்தது யார்? மூன்றாவது வரியிலேயே பெயர் இருந்தது. பி.ஆர்.எல்.டி.டி.ஒய். முன்பாதி பிரெய்ல் என்பதன் சுருக்கம், பின்பாதி நம் டெலிடைப். பார்வையற்றவர்கள் லினக்ஸைப் பிரெய்லில் படிக்க உதவும் புரோகிராம் அது. பிரெய்ல் திரை என்று ஒரு கருவி உண்டு. அதில் ஒரு வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள் மேலெழும், தாழும். திரையில் உள்ள வரி அதில் புள்ளிகளாக வரும். விரலால் தடவிப் படிப்பார்கள். 1990களின் நடுவில் தொடங்கிய இந்தப் புரோகிராமை எழுதி வளர்த்தவர்களில் பார்வையற்ற நிரலாளர்களும் உண்டு.

பிரெய்ல் என்ற பெயரைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லூயி பிரெய்ல் கதை எங்களுக்குப் பள்ளியில் பாடம். 1809இல் பாரிசுக்குப் பக்கத்தில் கூவ்ரே கிராமத்தில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசி கண்ணில் குத்தி, சீழ் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போயிற்று. பத்து வயதில் பாரிசில் பார்வையற்றோர் பள்ளி. அங்கே பர்பியே என்ற ராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்தைப் பார்த்தார். ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி, விரல் நுனிக்குள் அடங்காது. பிரெய்ல் அதை ஆறாகக் குறைத்தார். அப்போது அவருக்கு 15 வயது. 1829இல் புத்தகமாக வந்தது. ஆறு இடத்தில் ஒவ்வொன்றிலும் புள்ளி உண்டு அல்லது இல்லை, எனவே 64 சேர்க்கை. அவர் 1852இல் இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் பிரான்ஸ் அதை முறைப்படி ஏற்றது. நம் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக பாரதி பிரெய்ல் என்று வகுத்தது 1951இல். தமிழும் அதில்தான் படிக்கப்படுகிறது.

ஒருவர் விரல் நுனிக்காக ஆறு புள்ளி வைத்தார். இன்னொருவர் ஐந்து விரலுக்காக ஐந்து கட்டை வைத்தார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே, உண்டு அல்லது இல்லை. அந்த இரண்டு பேரும் என் வீட்டில், ஒரு மலிவான மாற்றிக்காக மல்லுக்கு நிற்கிறார்கள்!

காரணமும் எளிதுதான். ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவியும் செருகியவுடன் இரண்டு எண்களைச் சொல்லும், செய்தவர் எண், கருவி எண். சில பிரெய்ல் திரைகளுக்குள்ளும் என் மாற்றியில் இருக்கும் அதே மலிவு சில்லைத்தான் வைத்திருக்கிறார்கள். எனவே எண்களும் அதுவே. ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ள இரண்டு பென்ஷனர்கள் போல. அந்த எண்ணைக் கண்டதும் பிரெய்ல் திரை வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் புரோகிராம் ஓடிவந்து பிடித்துக்கொள்கிறது.

"தாத்தா, இது நமக்கு எதுக்கு? ஒரே வரி, தூக்கிடலாம்" என்றான் பேரன்.

"இருப்பா. அது ஏன் கேக்காமலே வந்து எடுக்குது, சொல்லு" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போதுதான் தோன்றியது. கண் தெரியாத ஒருவர் புதுக் கம்ப்யூட்டரில் பிரெய்ல் திரையைச் செருகுகிறார். இதைப் பயன்படுத்தவா என்று திரையில் கேள்வி வந்தால் அவர் எப்படிப் படிப்பார்? அவர் கையில் அந்த ஊசிகள் எழுந்தால்தான் முதல் எழுத்தையே படிக்க முடியும். அதனால்தான் அது கேட்காமலே எடுக்கிறது. எனக்கே வலது கண்ணில் க்ளாக்கோமா, ஐந்து வருடமாகச் சொட்டு மருந்து. நாளைக்கு இந்த மேஜையில் யாருக்கு எது தேவைப்படும் என்று யார் கண்டது?

புரோகிராமை எடுக்கவில்லை. கருவி எண்களும் அவற்றுக்குரிய புரோகிராம்களும் எழுதிய விதிக் கோப்பு ஒன்று உண்டு. அதில் என் மாற்றியின் எண் உள்ள ஒரு வரியை மட்டும் குறிப்புரையாக மாற்றினோம். வரியின் தலையில் ஒரு குறி போட்டால் போதும், படிக்காமல் தாண்டிப் போகும். நாளைக்குத் தேவை என்றால் குறியை எடுத்துவிடலாம். மற்ற பிரெய்ல் திரைகளுக்கான வரிகள் அப்படியே இருக்கின்றன. விதிகளை மறுபடி படிக்கச் சொல்லிவிட்டு மாற்றியைச் செருகினேன். டி.டி.ஒய். யு.எஸ்.பி. பூஜ்யம் வந்தது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், அங்கேயே இருந்தது.

திறக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. இது வேறு சங்கதி. சீரியல் போர்ட்டைத் தொட 'டயல் அவுட்' என்ற குழுவில் பெயர் இருக்க வேண்டும். மோடம் வைத்து வெளியே போன் பேச யாருக்கு அதிகாரம் என்று வைத்த பழைய பெயர். நம் ஆபீஸ்களில் எஸ்.டி.டி. வசதி உள்ள போனுக்குச் சின்னப் பூட்டுப் போட்டு, சாவி சூப்பரின்டெண்டெண்ட் மேஜையில் இருக்குமே, அதேதான். பணியில் இருந்தவரை எனக்கு அந்தச் சாவி கிடைத்ததில்லை. 70 தாண்டி, பேரன் தயவில் 'டயல் அவுட்' குழுவில் சேர்ந்தேன். ஒரு தடவை வெளியேறி உள்ளே வந்ததும் போர்ட் திறந்தது.

டைரியில் அச்சுக்கு அனுப்பு என்றேன். திரையில் கட்டமும் கேள்விக்குறியும் கொட்டின. டைரி 9600 பாட் வேகத்தில் அனுப்புகிறது, நான் இந்தப் பக்கம் வேறு வேகம் வைத்திருந்தேன். சீரியல் கம்பியில் இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் இல்லாவிட்டால் எழுத்து தேறாது. போதோவின் ஊழியர்கள் 'டக்' சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்ததும் இதற்குத்தான். 9600 என்று மாற்றி மறுபடி அனுப்பினேன். வரிவரியாக வந்தது.

அண்ணன் பிரெஞ்சில் எழுதியிருந்தார். தமிழ்ப் பெயர்களையும் பிரெஞ்சு எழுத்தில், நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் உள்ளது போல. ஆனால் கோடு போட்ட 'ஏ' வர வேண்டிய இடங்களில் எல்லாம் ஏதோ ஒரு கிறுக்கல். 1874இல் போதோ இடம் கொடுத்த எழுத்துக்கு, 1963இல் அமெரிக்கர்கள் வகுத்த ஆஸ்கி பட்டியலில் இடம் இல்லை. அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு மூலையில் அதை வைத்துக்கொண்டார்கள். டைரி காலத்துப் பட்டியல் ஒன்று, இன்றையது வேறு. பழைய பட்டியலிலிருந்து புதியதற்கு மாற்றும் கட்டளையைப் பேரன் கொடுத்தான். கோடுகள் எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்தன.

நாற்பத்தொன்றாவது வரியில் இருந்தார் ஆயா. பெயர், பிறகு பிரெஞ்சில் 'பாட்டி, அப்பா வழி', பிறகு தமிழை அப்படியே பிரெஞ்சு எழுத்தில், ஆவணி, தேய்பிறை, ஏகாதசி. பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு குறிப்பு, 'அம்மா இரண்டு முறை உறுதியாகச் சொன்னார்'. அண்ணன் நல்ல குமாஸ்தாவாக இருந்திருப்பார்.

அன்று ராத்திரியே அண்ணிக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவர் அந்த டைரியத் தட்டும்போதெல்லாம் திட்டுவேன், தம்பி" என்றார். வருகிற ஆவணியில் ஆயாவுக்கு அந்தத் திதியிலேயே செய்யப் போகிறோம்.

அச்செடுத்து மூன்று பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று பிரான்சுக்குப் போகிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய டைரியோ, டேப்போ, ஃபிளாப்பியோ இருக்கலாம். பாட்டரி தீர்வதற்குள் எடுத்துப் பாருங்கள். கருவி தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னால் உடனே குப்பையில் போட வேண்டாம். முதலில் பதிவேட்டைத் திறந்து, யார் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.